இரண்டு பெரியவர், ஒரு குழந்தை

உட்காருங்கள் தம்பி. நாற்காலியை விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடையில் தின்னர் வாடை இருக்கத்தான் செய்யும். எனக்கு முப்பது வருஷத்தில் மூக்கு மரத்துப் போய்விட்டது. மாடியில் வீடு, காபிக்குச் சொல்லியிருக்கிறேன். வேண்டாமா? வயிறு சரியில்லையா? அதெல்லாம் வெயிலில் வண்டி ஓட்டி வந்த சூடு. எங்கள் வீட்டுக் காபி ஒரு வாய் உள்ளே போனால் சரியாகிவிடும். கூச்சப்படாதீர்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம். டீலர் குடும்ப விவரம். மனைவி கோகிலவாணி, சரி. மகன் தீரன், வயது ஒன்பது. கீழே ‘மாற்றம் உண்டு’, ‘மாற்றமில்லை’ என்று இரண்டு கட்டம். ஒவ்வொரு வருஷமும் ‘மாற்றமில்லை’யில் டிக் அடித்திருப்பது நான்தான். என் கையெழுத்துதான். பதினான்கு வருஷமாக ஒரு பையனுக்கு எப்படி ஒன்பதே வயது என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். உங்களுக்கு முன்னால் இருந்த நான்கு அதிகாரிகளும் கேட்கவில்லை. புதிதாக வந்த நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

அண்ணாந்து பாருங்கள். பரண் மேல், பிரைமர் டப்பாக்களுக்குப் பின்னால், நீலமும் சிவப்புமாகத் தெரிகிறதே, அதெல்லாம் பள்ளிக்கூடப் பைகள். தீபாவளிக்கு டீலர்களின் பிள்ளைகளுக்கு உங்கள் கம்பெனி அனுப்புகிற பைகள். பதினான்கு இருக்கின்றன. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

அவன் இறந்துவிட்டான் தம்பி. ஒன்பது வயதில். எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். நீங்கள் ஒன்றும் தப்பாகக் கேட்டுவிடவில்லை. மாசி மாதம், எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றான். விடிந்ததும் இங்கே ஒரு ஆஸ்பத்திரி, பிறகு கோயம்புத்தூர். குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

அந்த வருஷம் படிவம் வந்தபோது பெயரை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். கடையில் கூட்டம். ஒரு டிக்கோடு முடித்துவிட்டேன். அடுத்த வருஷமும் கூட்டம். அவ்வளவுதான். பெரிதாக வேறு காரணம் எதுவும் இல்லை. இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிழை என்று ஒரே வார்த்தையில் சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் மூன்று மாதமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாது. சொன்னால் என் மனைவி காதுக்குப் போய்விடும்.

மூன்று மாதம் முன்னால், நீங்கள் சேருவதற்குச் சற்று முன்னால், உங்கள் கம்பெனி எங்களையெல்லாம் தாய்லாந்து அழைத்துப் போனது. கொங்கு வட்டார டீலர்கள் முப்பது பேர், மனைவிமார்களோடு. இதற்கு முன் ஐந்தாறு முறை வாய்ப்பு வந்தும் நான் போனதில்லை. இந்த முறை வாணியே, “போலாமுங்க” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாலாவது நாள் பூங்கா. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, பேய் வீடு, தலைகீழாகச் சுற்றுகிற ரயில், எல்லாம் நம் தாராபுரத்தில் பாதி அளவுக்குப் பரந்து கிடந்தது. பேருந்தில் போகும்போது டூர் மேனேஜர் ஆன்றனி எழுந்து மைக்கைப் பிடித்தார். நாகர்கோவில்காரர், சிரித்த முகம். ஆளுக்கொரு உறை. அதில் நுழைவுச் சீட்டும், கையில் ஒட்டிக்கொள்ளக் காகிதப் பட்டையும். பட்டையில் இருக்கும் கோடுகளை ஒவ்வொரு இடத்திலும் மெஷினில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

“பல்லடம், குமரேசன் ஹார்டுவேர்ஸ்! ரெண்டு பெரியவர்!”

குமரேசன் எழுந்து, “நான் ஒருத்தனே ரெண்டு பேரு எடை இருப்பனுங்க, எம் பொண்டாட்டிக்குத் தனியாக் குடுங்க” என்றான். பேருந்தே சிரித்தது.

“தாராபுரம், வேலவன் பெயிண்ட்ஸ்! ரெண்டு பெரியவர், ஒரு குழந்தை!”

விமானச் சீட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்டது. அதில் இரண்டு பேர்தான். பூங்காச் சீட்டைக் கம்பெனியின் பட்டியலைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் படிவத்திலிருந்து எடுத்த பட்டியல். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பேருந்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய டீலர்கள் எல்லோருக்கும் எங்கள் விஷயம் தெரியும். குமரேசன் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாணி முன்னால் போய்விட்டாள். கையை நீட்டினாள்.

“குழந்தை எங்க மேடம்? ரூம்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?” என்றார் ஆன்றனி.

“குடுங்க. பின்னால வர்றான்” என்றாள்.

பின்னால் வருகிறான். சாதாரணமாகச் சொன்னாள், கடைக்குப் போயிருக்கிறவனைச் சொல்வது போல. ஆன்றனி எங்கள் இருக்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன் தம்பி. எதற்குப் பார்த்தேன்?

உட்கார்ந்ததும் உறையைப் பிரித்தாள். இரண்டு வெள்ளைப் பட்டை, ஒரு மஞ்சள் பட்டை. மஞ்சளில் ஆங்கிலத்தில் அவன் பெயரும், பக்கத்தில் ஒன்பது என்ற எண்ணும். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். நான், “கம்பெனிக்காரங்க பழைய லிஸ்டப் பாத்துப் போட்டுட்டாங்க போல” என்றேன். அவள் மஞ்சள் பட்டையைத் தன் பட்டைக்குக் கீழேயே, அதே மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள்.

வாசலில் இருந்த பெண் கைகூப்பிக் கும்பிட்டு வரவேற்றாள். அங்கே அது வழக்கம். மெஷினில் என் பட்டை, வாணியின் பட்டை, பிறகு மஞ்சள் பட்டை. மஞ்சளுக்கு மட்டும் ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்டது. குழந்தைகளுக்கு அப்படி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தேடிக் கீழே குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை. அப்போதும் சிரித்தாள். நம் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை நமக்குத் தெரியாது. ஒரு காகிதத் தொப்பியைக் கொடுத்தாள். யானைக் காது வைத்த தொப்பி. வாணி வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு முழுவதும் அப்படித்தான். போகிற இடமெல்லாம் அந்த மணிச் சத்தம். படகில் மூன்று பேர் பெஞ்சில் எங்களை உட்கார வைத்துவிட்டு, வேறு யாரையும் ஏற்றாமல் கம்பியைப் பூட்டினார்கள். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. நான் நகர்ந்து அவள் பக்கம் போக நினைத்தேன். அவள் காலி இடத்தில் தொப்பியை வைத்துவிட்டாள்.

“எதுக்கு இதெல்லாம் வாணி? கழட்டிப் போட்டுரு” என்றேன்.

“உங்களுக்கு என்ன பண்ணுது?”

“எனக்கு ஒண்ணும் பண்ணல.”

“அப்பறம் என்னங்க.”

அவ்வளவுதான் பேச்சு. சண்டை கிடையாது. எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிற பழக்கமே கிடையாது. பதினான்கு வருஷத்தில் அவனைப் பற்றி நாங்கள் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அதை நான் நல்ல விஷயமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புண்ணைக் கிளறக் கூடாது அல்லவா.

மத்தியானம் கூடவே வந்த சமையல்காரர்கள் புளிசாதமும் தயிர்சாதமும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மஞ்சள் பட்டைக்குப் பூங்காவே ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொடுத்திருந்தது. உள்ளே வறுத்த கோழி, பழச்சாறு, ஒரு பிளாஸ்டிக் டைனோசர். வாணி கறி தொட மாட்டாள். அவன் போன பிறகு விட்டுவிட்டாள். அன்றைக்கு அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கோழியைப் பிய்த்துப் பிய்த்து, எலும்பில் எதுவும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அவளுடைய தயிர்சாதப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. குமரேசனின் மனைவி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

காபி வர நேரமாகிறது. பால் காய்ச்சுகிறாள் போல. வந்துவிடும்.

ரயில் ராட்டினத்துக்கு முன்னால் மரத்தில் ஒரு யானை செய்து நிறுத்தியிருந்தார்கள். தும்பிக்கை நேராக நீட்டியிருக்கும். தலை தும்பிக்கையைத் தொடுகிற அளவு உயரமான குழந்தைகளுக்குத்தான் அனுமதி. வாணி அதன் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளங்கையைத் தரைக்கு மேலே ஒரு உயரத்தில் நிறுத்தினாள். தும்பிக்கைக்கு மேலே இருந்தது கை.

“விட்டிருவாங்க” என்றாள்.

“எட்டாது. அவன் குள்ளம்தான” என்றேன். ஏன் பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் பட்டியலில் இருக்கிறான் என்று நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

“குள்ளமா? பொங்கலுக்குத்தான கதவுல கோடு போட்டோம். இந்தா, இவ்வளவு. இல்ல, இன்னும் ரெண்டு வெரக்கடை மேல.”

“எனக்கு ஞாபகம் இல்ல.”

“எப்படி இருக்கும். அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சது நீங்கதான.”

கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தில் உப்புக் கம்மி என்பது போலச் சொன்னாள். உண்மைதான். காரியம் முடிந்த மறு மாதமே வீடு முழுவதும் பெயிண்ட் அடித்தேன். உங்கள் கம்பெனியின் முதல் தரச் சரக்கு. வீடு தெளிச்சியாக இருந்தால் மனசும் மாறும் என்று நினைத்தேன். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன்.

இப்போது நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சற்று முன் உங்களிடமும் ஒரு பொய் சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஆரம்பித்தது என்றேன் அல்லவா. பதினான்கு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. டாக்டரிடம் அதைத்தான் சொன்னேன். வாணியிடமும்.

அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. தங்கைக்கு வளைகாப்பு, வெள்ளகோவில் போயிருந்தாள். பையனைப் பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மத்தியானம் அவன் இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், ஒரு டிஸ்டெம்பர் டப்பா மேல் உட்கார்ந்திருந்தான். “அப்பா, வயிறு வலிக்குதுப்பா” என்றான். திருவிழாக் கடையில் கண்டதைத் தின்றிருப்பான் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் கோயில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய ராட்டாந்தூரி, நீங்கள் ஜயன்ட் வீல் என்பீர்களே, அது போட்டிருந்தார்கள். அவனுக்கு உயரம் என்றால் பயம். அதற்கு முந்தின வருஷமும் வயிறு வலி என்று சொல்லித்தான் தப்பித்தான். பேரு தீரன், ராட்டினத்துக்குப் பயம் என்று ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. மறுபடியும், “வலிக்குதுப்பா, வேண்டாம்ப்பா” என்றான்.

“நடிக்காத சாமி. உச்சிக்குப் போனா வலி பறந்துரும்” என்றேன்.

அடிக்கவில்லை. திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். உச்சியில் போய் நின்றபோது அவன் வயிற்றில் கை வைத்து, “போயிருச்சா?” என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான். “போயிருச்சுப்பா” என்றான்.

பாருங்கள், அவனே சொன்னான். போய்விட்டது என்று அவன் வாயால் சொன்னான். நான் வேறு எப்படி நினைக்க முடியும்? இந்தப் பதினான்கு வருஷமும் நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன். கேட்டேன், போயிருச்சுன்னு சொன்னான். ராட்டினத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். வேறு யாருக்கும் தெரியாது.

கோயம்புத்தூரில் ஒரு நாள், துணிமணி எடுத்துவர நான் ஊருக்கு வந்துவிட்டேன். ஏழெட்டு மணி நேரம் அவளும் அவனும் மட்டும் இருந்தார்கள். அவனுக்கு அன்றைக்கு நல்ல நினைவு இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். அம்மாவிடம் நிறையப் பேசினான் என்றாள். என்ன பேசினான் என்று நான் வாணியிடம் கேட்டதே இல்லை.

பூங்காவில் கடைசியாகப் பெரிய ராட்டினம். கண்ணாடிக் கூண்டுகள், ஒரு கூண்டில் நான்கு பேர் உட்காரலாம். மெதுவாகத்தான் சுற்றும், நிற்பது போலவே இருக்கும். குமரேசன் கீழே நின்று கையை ஆட்டி, “அண்ணா, ஏறுங்க, நம்மூரு தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க” என்று கத்தினான். வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர், மூன்று பேர், என்று குறையக் குறைய எனக்கு வயிற்றில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிஜமான வலி தம்பி. தொப்புளுக்குப் பக்கத்தில் திருகுகிறது. வேர்த்துவிட்டது.

“வாணி, வயிறு என்னமோ பண்ணுது. நீ போயிட்டு வா. நான் கீழயே நிக்கிறேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். கையில் அந்த யானைக் காதுத் தொப்பி.

“நடிக்காதீங்க. உச்சிக்குப் போனா வலி பறந்துரும்” என்றாள்.

சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் ஏறிவிட்டாள். மணிச் சத்தம் கேட்டது. என் கால் தானாக அவள் பின்னால் போனது.

கதவைப் பூட்டினார்கள். கீழே மனிதர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் சொல்லக்கூடிய வார்த்தை. தற்செயல். அப்படி ஒரு தற்செயல் உண்டா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம்.

உச்சியில் கூண்டு ஒரு நிமிஷம் நின்றது. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து இருக்கையில் தொப்பி. எழுந்து வந்து என் வயிற்றில் கையை வைத்தாள். மஞ்சள் பட்டை என் சட்டைப் பொத்தானில் உரசியது.

“போயிருச்சா?”

போகவில்லை தம்பி. உயிர் போகிற வலி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் ஒரே ஒரு பதிலுக்குத்தான் காத்திருந்தது.

“போயிருச்சு” என்றேன்.

ஒரு ஒன்பது வயசுப் பையன் என் முகத்தில் எதைப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் கையை எடுத்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். வெளியே வரும்போது வாசலில் கத்தரிக்கோலோடு நின்று எல்லோருடைய பட்டையையும் வெட்டிக் கூடையில் போட்டார்கள். வெள்ளையை வெட்டக் கொடுத்தாள். மஞ்சளுக்குக் கையை மூடிக்கொண்டாள். இப்போது அது மாடியில் அவன் போட்டோ சட்டத்தில் செருகியிருக்கிறது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் நான் கடைக்கு இறங்க வேண்டும்.

வந்து மூன்று மாதமாகிறது. எப்போதும் போலத்தான் இருக்கிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், காபி தருகிறாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிகிறது. பதினான்கு வருஷமாகத் தெரிந்தே பக்கத்தில் படுத்திருக்கிறாள். நானாக எப்போது சொல்வேன் என்று காத்திருந்தாளா? இல்லை, சொல்லிவிடக் கூடாது என்று இருந்தாளா? சொல்லிவிட்டால் அவள் இந்த வீட்டில் இருப்பாளா என்பதும் தெரியாது. அதுதான் பயம். ஒளித்து என்ன பிரயோஜனம், அதுதான் என் பயம்.

படிவத்தை இப்படிக் கொடுங்கள். பேனா. மாற்றம் உண்டு. இந்தக் கட்டம்தானே? டிக் அடித்தாகிவிட்டது. பக்கத்தில் விவரம் எழுதவும் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதை நான் மட்டும் எழுதினால் சரியாக இருக்காது.

படியில் கொலுசுச் சத்தம் கேட்கிறது. வருகிறாள். நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள் தம்பி. ஒரு வெளி ஆள் உட்கார்ந்திருந்தால்தான் எனக்கு வாய் வரும். தயவுசெய்து.

வா வாணி. டம்ளர அப்படி டேபிள் மேல வெச்சிரு. இவருக்குக் குடுக்க வேண்டாம். வயிறு சரியில்லைன்னு தம்பி வந்த உடனே சொன்னாரு. நான்தான் நம்பல.

நீ இந்தச் சேர்ல உக்காரு. நிக்காத, உக்காரு.

தீரனும் மத்தியானமே சொன்னான்.